மச்சான் வீட்டு மரச்சுவர்

இன்று மேரு என்ற ஊரில், என் மனைவியின் அண்ணன் புதுப்பித்திருக்கும் வீட்டைப் பார்க்கப் போனோம்.

உள்சுவர்களை எல்லாம் இடித்துவிட்டார். தேவைப்பட்டால் இழுத்து மூடிக்கொள்ள மூங்கில் தட்டிகள். கூரையில் கண்ணாடி. ஒரு பக்கம் முழுக்க, சாயம் பூசாத மரச்சுவர்.

“எல்லாமே நேச்சுரல் மச்சான். கெமிக்கல் ஒரு சொட்டுகூட போடல. உங்க வீடு மாதிரி இருட்டு குகை இல்ல லா.”

போன தீபாவளிக்கும் என் வீட்டை இருட்டு குகை என்றுதான் அத்தனை பேர் முன்னால் சொன்னார்.

மரச்சுவரின் அடியில், பென்சில் தடிமனில் ஒரு மண்கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தது. கரையான். கூரைக் கண்ணாடி வழியாக வந்த வெளிச்சத்தில் நன்றாகவே தெரிந்தது.

“என்ன மச்சான், அங்கேயே பாக்கறீங்க?”

“சுவருக்கே உயிர் வந்த மாதிரி இருக்கு மச்சான்.”

பூரித்துப்போய் எனக்கு இன்னொரு காப்பி கொடுத்தார்.

இப்போதே மருந்தடித்தால் சுவர் பிழைக்கும். அடுத்த தீபாவளி வரை விட்டால், விரல் பட்டாலே உதிரும்.

சொல்லலாமா, வேண்டாமா? கீழே கமெண்டில் எழுதுங்கள். தயக்கமே வேண்டாம். தமிழ்ப்பள்ளியில் படித்த மாப்பிள்ளை என்று கல்யாணப் பந்தியிலேயே என்னைக் கேலி செய்தவர் அவர்.

அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.