கதவுக்கு வெளியே நின்ற முதலாளி

வெள்ளி, காலை 6.40. பொள்ளாச்சி பேருந்து நிலையத்தில் கொல்லங்கோடு வண்டியின் முதல் படியில் காலை வைத்ததும் என் வலது முழங்கால் வழக்கம்போல முரண்டு பிடித்தது. கைப்பிடியைப் பற்றி ஒருவழியாக ஏறி, ஓட்டுநருக்குப் பின்னிருக்கையில் உட்கார்ந்தேன். இந்தப் பயணமே அந்த முழங்காலால் வந்ததுதான்.

அடுத்த மாதம் அறுவை சிகிச்சை செய்தே ஆகவேண்டும், அதன்பின் இரண்டு மாதம் பேக்கரிப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தேதியைத் திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும். பேக்கரி நான் தொடங்கியது. இருபது வருடமாக, பதினெட்டு பேரோடு நடக்கிறது. இரண்டு மாதம் பூட்டினால் எங்களிடம் ரொட்டி வாங்கும் டீக்கடைகள் வேறு இடம் பார்த்துக்கொள்ளும், திரும்பி வராது. பூட்டாமல் இருக்க வேண்டுமென்றால் தலைமை மாஸ்டர் கனகராஜிடம் ஒப்படைக்க வேண்டும். பதினான்கு வருடமாக என்னோடு இருக்கிறான். தங்கமான வேலைக்காரன். ஆனால் என்னைக் கேட்காமல் ஒரு மைதா மூட்டையைக்கூடப் பிரிக்க மாட்டான்.

முடிவெடுக்க முடியாமல் ஒரு வாரம் வெற்றிபெற்ற தொழிலதிபர்களின் வீடியோக்களைப் பார்த்தேன். ஒருவர் உள்மனசை நம்பு என்றார். இன்னொருவர் உள்மனசை நம்பாதே, கணக்கை நம்பு என்றார். மூன்றாமவர் அதிகாலை நான்கு மணிக்கு எழச் சொன்னார். இருபது வருடமாக நான் மூன்றரைக்கு எழுகிறேன். பக்கத்திலிருந்து பார்த்த என் மகள், "அம்மா, இவங்கள்ல ஒருத்தருக்காச்சும் முழங்கால் வலி இருக்குதா?" என்று கேட்டாள். அதோடு வீடியோவை நிறுத்தினேன். எனக்குத் தெரிந்த இருவர் தொழிலைச் சொந்தமாகத் தொடங்கி நிமிர்ந்தவர்கள். நேரிலேயே போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பிவிட்டேன்.

காலை 7.30. கோவிந்தாபுரம் சோதனைச்சாவடி தாண்டியதும் பெயர்ப்பலகைகள் மலையாளத்துக்கு மாறின, பேச்சு மட்டும் மாறவில்லை. இருபுறமும் மாந்தோப்பு, தெற்கே சுவர் எழுப்பியதுபோல் நெல்லியாம்பதி மலை. கைப்பேசி அடித்தது. கனகராஜ்.

"அக்கா, புது லோடு மைதா வந்திருக்குதுங்க. பிரிக்கட்டுங்களா?"

"பிரி."

அப்போது எனக்குச் சற்றுப் பெருமையாகக்கூட இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

காலை 8.15, கொல்லங்கோடு. ஆட்டோவுக்கு எண்பது ரூபாய் கொடுத்து, நான்கு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தங்கவேல் அண்ணனின் மாம்பழக் கிடங்குக்குப் போனேன். என் கணவர் வழியில் தூரத்து உறவு. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் ஒரே ஒரு தோப்பைக் குத்தகைக்கு எடுத்துத் தொடங்கியவர். இப்போது அவருடைய பெட்டிகள் டெல்லி வரை போகின்றன. மார்ச் மாதம், பருவம் உச்சத்தில் இருந்தது. வைக்கோலும் காம்புப் பாலும் கலந்த மாங்காய் வாசம் கிடங்கு முழுக்க அடித்தது.

"வாம்மிணி, காலு எப்படி இருக்குது? மொதல்ல உக்காரு," என்றார். நான் உட்கார்ந்தேன். அவர் உட்காரவில்லை. ஆட்கள் ஒவ்வொரு குவியலிலிருந்தும் ஒரு காயை எடுத்துவந்து நீட்டினார்கள். அவர் காம்புக்குப் பக்கத்தில் கட்டைவிரலால் தடவிப் பார்த்துத் தலையசைத்தால் அந்தக் குவியல் பெட்டிக்குப் போகும். அசைக்காவிட்டால் அங்கேயே கிடக்கும். இட்லித் தட்டு வந்தது. அவர் இரண்டு இட்லி சாப்பிட்டு முடிப்பதற்குள் ஒன்பது பேர் காயோடு வந்து போனார்கள், எண்ணினேன்.

"எல்லாமே நீங்கதான் பாக்கோணுங்களா அண்ணா?"

"பின்ன? முடிவுங்கறது ஒருத்தன் கையில இருக்கோணும். ரெண்டு பேரு கிட்ட உட்டா ரெண்டுங்கெட்டானாப் போயிரும். எனக்கு அடைப்பு வந்து நெஞ்சுல கம்பி வெச்சாங்கல்ல, அன்னைக்கும் வீடியோ கால்ல காயப் பாத்துத்தான் அனுப்பினேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அவர்மீது மரியாதைதான் கூடியது. அவருடைய பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. கிளம்பும்போது ஒரு கூடை பங்கனப்பள்ளி கொடுத்து, "ஆஸ்பத்திரியில நல்லா டவர் கெடைக்கற ரூமாக் கேளு," என்று அறிவுரையும் கொடுத்தார். பொள்ளாச்சி திரும்பும்போது நான் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன். பூட்ட வேண்டியதில்லை, கட்டிலில் படுத்தபடி கைப்பேசியில் நடத்திக்கொள்ளலாம். இன்னொருவரைப் பார்க்க மூணாறுக்கு அந்தப்பக்கம் சித்திரபுரம் போவதுகூட வீண் செலவு என்று தோன்றியது. ஆனால் அங்கே தேயிலைத் தொழில் நடத்தும் அமுதாவிடம் வருவதாகச் சொல்லிவிட்டேன்.

சனி, காலை 7.00. உடுமலையிலிருந்து மூணாறு பேருந்து. எண்பத்தைந்து கிலோமீட்டர், நான்கு மணி நேரம். சின்னாறு சோதனைச்சாவடிக்கு முன்பே சிக்னல் போய்விட்டது. முள்மரக் காடு, யானை கடக்கும் இடம் என்று பலகைகள். யானை எதுவும் கடக்கவில்லை. ஜன்னல் காற்றில் நன்றாகத் தூங்கினேன்.

காலை 9.15, மறையூர். கரும்பு வயல்களைப் பார்த்தபடி வண்டி நின்றபோது கைப்பேசி உயிர்பெற்றது. கனகராஜிடமிருந்து பதினோரு தவறிய அழைப்புகள். யாருக்காவது தீக்காயமோ என்று நினைத்து அழைத்தேன்.

"அக்கா, முன்னடுப்பு பர்னர் நின்னுபோச்சுங்க. உங்களக் கூப்புட்டு கூப்புட்டுப் பாத்தேனுங்க, கெடைக்கலீங்க."

"சரி, மாவு?"

"ஒன்ற மணி நேரமாத் தட்டுல கெடந்துதுங்க. பொங்கிப் புளிச்சுப்போச்சுங்க. கொட்டிட்டமுங்க."

ஒருநாள் ரொட்டி மொத்தமும். பின்னடுப்பு ரஸ்க்குக்காகச் சூடாகத்தான் இருந்தது. ரஸ்க்கை மாலைக்குத் தள்ளிவிட்டு ரொட்டியை அதில் ஏற்றியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அதைச் சொல்லிப் பேருந்தே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். பதினான்கு வருடம் அடுப்படியில் என்ன கிழித்தாய் என்றுகூடக் கேட்டேன். பக்கத்து இருக்கைப் பெண்மணி என் பக்கம் மெதுவாக ஒரு நெல்லிக்காயை நீட்டினார். வாங்கிக் கடித்துக்கொண்டு மூணாறு வரை பேசாமல் வந்தேன்.

காலை 11.40. மூணாறிலிருந்து சித்திரபுரம் பத்து கிலோமீட்டர். ஜீப் ஓட்டுநர் நானூறு கேட்டார், முந்நூற்றைம்பதுக்குப் படிந்தது. ஏறுவதற்கு நான் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு ஓட்டுநர், "சேச்சி, முட்டு வேதனையாக்கும்? மெதுவாக் கேறுங்க, எனக்கு ஒரு திரக்கும் இல்ல," என்றார். அவசரமில்லை என்று சொல்கிறார் என்பது அவர் பீடியைப் பற்றவைத்த விதத்திலேயே தெரிந்தது. பள்ளிவாசல் வளைவுகளில் தேயிலைச் சரிவு, மின்வாரியக் குடியிருப்பின் பழைய ஓட்டு வீடுகள், நடுவே புதிய விடுதிகளின் நீலக் கண்ணாடி.

அமுதாவுக்கு நாற்பத்தெட்டு வயது. பெற்றோர் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர்கள். ஒன்பது வருடத்துக்கு முன், சிறு விவசாயிகளிடம் கொழுந்து வாங்கித் தானே தூளாக்குவது என்று இறங்கினார். இன்று பதினாறு பேர் வேலை பார்க்கிறார்கள். என் பேக்கரியில் விற்கும் தேயிலை அவருடையதுதான்.

பிற்பகல் 1.10. வாடிய கொழுந்தை உருளையில் நசுக்கி, ஈர அறையில் தட்டுகளில் பரப்பி வைக்கிறார்கள். பச்சை நிறம் செம்பாக மாறும். பச்சை வாடை போய்ப் பழ வாசம் வரும். அந்த நேரத்தில் எடுத்து உலர்த்தியில் போட்டுவிட வேண்டும். முந்தினால் சாயம் பச்சையடிக்கும், பிந்தினால் சப்பென்று போகும். அந்த நேரத்தைச் சொல்பவர் செல்லையா அண்ணன், அமுதாவைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அவர் தட்டுத் தட்டாக முகர்ந்துகொண்டிருந்தார். அமுதா கதவுக்கு வெளியே நின்றார். என்னையும் உள்ளே விடவில்லை.

"அவுக 'போகட்டும்'னு சொல்லுத வரைக்கும் நான் உள்ள போகமாட்டேங்க்கா. நானே வச்சுக்கிட்ட சட்டம்."

பத்து நிமிடம் போயிற்று. புளித்த மாவோடு இருபது வருடம் வாழ்ந்தவள் நான், என் மூக்குக்கே வாசம் இறங்கத் தொடங்கியது தெரிந்தது. அமுதாவைப் பார்த்தேன். அவருக்கும் தெரிந்திருந்தது. கதவு நிலையைப் பிடித்திருந்த கை இறுகியது. வாய் மட்டும் திறக்கவில்லை. இன்னும் சிறிது நேரம் கழித்துத்தான் செல்லையா, "போகட்டும்," என்றார்.

"பிந்திப்போச்சுல்ல?" என்று காதோடு கேட்டேன்.

"ஆமாக்கா. பத்து நிமிசம்."

"சொல்லியிருக்கலாமே?"

அமுதா என்னைக் கூட்டிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார். "முன்ன ஒருக்கா சொல்லிட்டேங்க்கா. அவுக இருங்கன்னாக, நான் போதும்னேன். என் பேச்சைக் கேட்டு எடுத்தாக. மொத்தமும் பச்சையடிச்சுப்போச்சு. அது போனாப் போகுது. அதுக்கப்புறம் நாலு மாசம், அவுக தட்டைப் பாக்கதுக்கு முன்னாடி என் மூஞ்சியத்தான் பாத்தாக. மூக்கே வேலை செய்யல. அதைத் திருப்பிக் கொண்டுவாரதுக்குள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இன்னைக்கு வாயத் தொறந்தா இந்தத் தூளு பொழைக்கும். ஆனா நாளைக்குத் திரும்பவும் என் மூஞ்சியப் பாப்பாக."

மாலை 3.00. உலர்ந்து வந்த தூளில் டீ போட்டுக் குடித்தோம். சப்பென்றுதான் இருந்தது. அதைக் குறைந்த ரகத்தில் சேர்க்கும்படி எழுதி வைத்தார் அமுதா. முகம் வாடித்தான் இருந்தது. சிரித்து மழுப்பவில்லை. அப்போது செல்லையா அண்ணன் வந்து டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"வெயிலு கூடிட்டும்மா. நான் நேத்தைய நேரத்தையே நெனச்சிட்டு இருந்துட்டேன். நாளைக்கு முன்னக்கூட்டியே பாக்கணும்."

"சரிண்ணே," என்றார் அமுதா. பேச்சு அவ்வளவுதான்.

தங்கவேல் அண்ணன் தோற்றவரல்ல, அமுதா ஒருநாள் தூளைக் கெடுத்துக்கொண்டவர். இரண்டையும் மனதில் போட்டு உருட்டிப் பார்த்தேன். கொல்லங்கோட்டில் அந்த ஆட்களுக்குக் காய் பார்க்கத் தெரியுமா தெரியாதா என்று நான் கேட்கவே இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது. அங்கே யாருமே கேட்டிருக்க மாட்டார்கள். எழுந்து, சிக்னல் கிடைக்கும் தண்ணீர்த் தொட்டி வரை நொண்டிப் போய், கனகராஜை அழைத்தேன்.

"பின்னடுப்புல ஏத்தலாம்னு காலையில உனக்குத் தோணுச்சா, இல்லையா?"

"தோணுச்சுங்க்கா. அஞ்சு நிமிசத்துலயே தோணுச்சுங்க."

"அப்பறம்?"

"ரெண்டு வருசம் முன்னாடி, நீங்க கல்யாணத்துக்குப் போயிருந்தப்ப, அப்படித்தானுங்க மாத்தி ஏத்துனேன். ரொட்டி நல்லாத்தான் வந்துது. ஆருகிட்டக் கேட்டு மாத்துனேன்னு எல்லார்த்து முன்னாலயும் கேட்டீங்க."

எனக்கு அந்த நாள் நினைவே இல்லை. அவனுக்கு இருந்திருக்கிறது. காலையில் பேருந்தில் அவனைப் பேசியதெல்லாம் திரும்பி வந்து காதில் விழுந்தது. வெட்கமாக இருந்தது. மன்னிச்சிரு கனகராஜ் என்றேன். அவன் பதறிப்போய், அதெல்லாம் பெரிய வார்த்தைங்க என்றான். அடுத்த மாதத்திலிருந்து இரண்டு மாதம் பேக்கரி உன் பொறுப்பு, என்னைக் கூப்பிடவே கூடாது என்றேன். சற்று யோசித்துவிட்டு அவன் சொன்னான்:

"அப்படீன்னா ஒண்ணு சொல்றேனுங்க. அந்தத் தேங்கா பன்ன நிறுத்தோணுமுங்க்கா. பாதிக்கு மேல திரும்பி வருது. அந்தத் தட்டுல பால் ரொட்டி போட்டுக்கறேன்."

தேங்காய் பன்னில்தான் நான் தொழிலைத் தொடங்கினேன். வீட்டு அடுப்பில் சுட்டு, தூக்குப்போசியில் வைத்துத் தெருத்தெருவாக விற்றது. அதெல்லாம் முடியாது என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்குவதற்குள் கண் கலங்கியது.

"செரி, உன் இஷ்டம்," என்றேன்.

ஞாயிறு மதியம் ஊர் திரும்பினேன். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குத் தேதி சொன்னேன். கனகராஜ் அடுத்த மாதம் வரை காத்திருக்கவில்லை, செவ்வாய்க்கிழமையே கடைத் தட்டில் தேங்காய் பன் இல்லை. சாயங்காலம் வரை கல்லாவில் உட்கார்ந்து, யாராவது அதைக் கேட்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை.