பாதிப் படத்தில் எழுப்பப்பட்ட சௌந்தரம்

ஆம்பூர் தோல்ஷாப்புகளில் வேலை செய்தவர்கள் டாக்கிப் படம் பார்க்கக் கிளம்புமுன் சௌந்தரத்தை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார்கள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாஹித் பாஷா மேஸ்திரியாக இருந்த ஷாப்பில் மயிர் பிரிக்கும் வேலை. ஆட்டுத் தோலிலிருந்து வழித்தெடுத்த மயிரை அலசிக் காயவைத்துக் குவித்திருப்பார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து வெள்ளையைத் தனியாக, கறுப்பைத் தனியாகப் பிரிப்பார்கள். கைக்குத்தான் வேலை, வாய்க்கு வேலையில்லை. அந்த நேரத்தில் சௌந்தரம் தான் பார்த்த படத்தைச் சொல்வாள். சொல்லி முடித்துவிட்டு அணாக் கணக்கில் தீர்ப்புக் கொடுப்பாள். பதினாறணா என்றால் பழுதே இல்லாத படம். அப்படி ஒன்றை அவள் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

"ராஜா காட்டுல பட்டினி கெடக்கறாராம். அவரு தொப்பை மட்டும் நல்லா சாப்டுட்டு வந்துகீது. பாட்டு ஜாஸ்தி, கதை கம்மி. ஆறணா," என்பாள். வட்டம் முழுக்கச் சிரிக்கும்.

புருஷன் கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போய் அங்கேயே மண் சரிந்து செத்துப்போனான். பிள்ளையில்லை. நாற்பதை நெருங்கிய வயதில் ஒற்றை ஆளாக இருந்தவளுக்கு, வாரத்தில் ஒரு நாள் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்க்கும் படம்தான் வாழ்க்கையில் இருந்த ஒரே ஆடம்பரம்.

கொட்டகை சுந்தரமூர்த்தியுடையது. ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து, பாலாற்றுக்குப் போகும் வழியில் ஒரு மைதானத்தை வாடகைக்குப் பிடித்து டூரிங் கொட்டகை போட்டிருந்தார். முன்னால் மணல் தரை, அதற்குப் பின்னால் பெஞ்சு, கடைசியில் நாற்காலி. பெண்கள் பக்கத்தில் ஓரமாக ஒரு திரை கட்டி, முஸ்லிம் வீட்டுப் பெண்கள் உட்கார மறைப்பும் செய்திருந்தார். மேஸ்திரி மனைவி அஃப்ஸர் ஜஹான் அந்த மறைப்புக்குள் இருந்துதான் படம் பார்ப்பாள். வீட்டை விட்டு அவள் வெளியே வந்ததே அதற்கு மட்டும்தான்.

ஒரு வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள், ஷாப்பில் சரக்கு ஏற்றுகிற அவசரத்தில் வேலை நீண்டுவிட்டது. எப்போதும் குளித்து, சேலை மாற்றி, பூ வைத்துக்கொண்டு போகிறவள் அன்றைக்கு அப்படியே ஓடினாள். நாடு கடத்தப்பட்ட ராணியின் கதை அது. தொலைந்துபோன மகன் படைவீரனாக எதிரே நிற்கிறான். ராணிக்கு அவனைத் தெரியவில்லை. அவன் கழுத்திலிருக்கும் தாயத்தின் மேல் அவள் பார்வை விழப்போகிற நேரம். சௌந்தரம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் பின்னால் பெஞ்சில் ஊருக்குப் புதிதாக வந்த உத்தியோகஸ்தர் குடும்பம் ஒன்று உட்கார்ந்திருந்தது. அந்த அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு புருஷனிடம் ஏதோ முணுமுணுத்தாள். கொஞ்ச நேரத்தில் சுந்தரமூர்த்தியே டார்ச்சு விளக்கோடு வந்து சௌந்தரத்தின் முகத்தில் வெளிச்சத்தை அடித்தார்.

"ஏம்மே, எழுந்திரு. தோல்ஷாப்பு நாத்தத்தோட வந்து குந்திக்கினா மத்தவங்க படம் பாக்க வாணாமா?"

கூட்டம் திரையை விட்டு அவளைப் பார்த்தது. அவளோடு தினமும் மயிர் பிரிக்கிற பெண்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். அவர்கள் மேலும் அதே வாசம்தான், குளித்திருந்ததால் கொஞ்சம் கம்மி. அவர்களில் ஒருத்திகூட வாய் திறக்கவில்லை. ஒருத்தி மட்டும் மெல்ல நகர்ந்து உட்கார்ந்தாள். சௌந்தரம் எழுந்து நடந்தாள். வாசல்வரைக்கும் அந்த வெளிச்சம் அவள் முதுகை விட்டு விலகவில்லை. வெளியே நின்று மிச்சத்தைக் காதாலாவது கேட்கலாம் என்று பார்த்தாள். மின்சாரத்துக்காக ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் போட்ட சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் குளிக்கவில்லை. அந்த வாசத்தோடேயே படுத்தாள். 'இந்தாளு இந்த ஊர்ல கொட்டகை நடத்தக் கூடாது' என்ற ஒரே நினைப்பு நெஞ்சில் ஆணியாக இறங்கிவிட்டது.

ஆத்திரத்தில் முதலில் அவள் கையிலெடுத்தது பொய். அடுத்து வந்த படம் சுமாராக நன்றாகவே இருப்பதாகப் பார்த்தவர்கள் பேசிக்கொண்டார்கள். அதைப் பார்க்காமலே இரண்டணா என்று சொல்லிவைத்தாள். சுண்ணாம்புக் குழியில் வேலை செய்த பச்சையப்பன் அதைக் கேளாமல் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். மறுநாள் எல்லார் முன்னாலும் நின்று, படத்துக்குப் பத்தணா தாராளமாகக் கொடுக்கலாம் என்றான். "ஆளு மேல இருக்கற கோவத்த படத்து மேல காட்டறே, அக்கா. இனிமே உன் பேச்ச எப்பிடி நம்பறது?" என்று கேட்டான். அவன் கேட்டது நியாயம் என்பதுதான் அவளுக்கு ரொம்ப வலித்தது. தன் கையில் இருக்கிற ஒரே ஆயுதம் தன் வாய்ச்சொல்லின் மேல் ஜனங்களுக்கு இருக்கும் நம்பிக்கை. அதைத் தானே மழுங்கடித்துக்கொள்ளக் கூடாது என்று அன்றே முடிவு செய்தாள்.

அவள் தங்கை கமலம் வாழ்க்கைப்பட்டது வேலூரில். அங்கே ஓடி முடிந்த படம்தான் சில வாரம் கழித்து ஆம்பூர்க் கொட்டகைக்கு வரும். தோல்ஷாப்புக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. காலை ரயிலில் காட்பாடி போய், அங்கிருந்து வேலூர். தங்கை வீட்டில் குளித்துச் சாப்பிட்டு, படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாள். சுந்தரமூர்த்தி மாட்டு வண்டியில் தட்டி கட்டி, தப்பட்டை அடித்து நோட்டீஸ் கொடுக்கும் நாளுக்கு முன்பே, அந்தப் படம் சௌந்தரத்தின் வாயால் ஷாப்பில் ஓடி முடிந்திருக்கும்.

இந்த முறை ஒரு சொல் பொய் இல்லை. ஐந்தணா என்றால் ஐந்தணா, பதினொன்று என்றால் பதினொன்று. ஆனால் கதையை மட்டும் மிச்சம் வைக்காமல் சொன்னாள். யார் யாரைக் கொன்றான், வேஷம் போட்டு வந்த சாமியார் யார், கடைசியில் யாருக்கு யார் மாலை போட்டார்கள், எல்லாம். பாட்டுகளையும் மெட்டு பிசகாமல் பாடிக் காட்டினாள். பக்கத்து ஷாப்புப் பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் சோற்றுத் தூக்கோடு வந்து உட்கார ஆரம்பித்தார்கள். இவ்வளவு கேட்டபிறகு மணலில் போய் உட்காரும் ஆசை பலருக்கு இல்லாமல் போனது. கொட்டகையில் தரை காலியாகத் தெரிய ஆரம்பித்தது. பெஞ்சுக்காரர்களை நம்பிக் கொட்டகை நடத்த முடியாது என்பது சுந்தரமூர்த்திக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்த வருஷம் மழைக்காலம் முடிந்த சமயம் வேலூரில் ஒரு படம் பார்த்தாள். புயலில் கப்பல் கவிழ்ந்து புருஷனும் மனைவியும் ஆளுக்கொரு கரையில் ஒதுங்குகிற கதை. படம் முடிந்து ஜனம் எழுந்து போனபிறகும் சௌந்தரம் உட்கார்ந்த இடத்திலேயே அழுதுகொண்டிருந்தாள். கோலாரிலிருந்து வராத புருஷனுக்காகக்கூட அவள் அப்படி அழுததில்லை. அந்தப் படத்தைத்தான் சுந்தரமூர்த்தி தம்முடைய கடைசி நம்பிக்கையாகப் பெரிய செலவில் பேசிவைத்திருந்தார்.

சனிக்கிழமை வட்டத்தில் எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கதையைச் சொல்லவில்லை.

"பதினாறணா," என்றாள். "இத நான் வாயால சொன்னா கெட்டுப்பூடும். கண்ணால பாக்கணும். ஆனா அந்தாளு கொட்டகையில பாக்காதீங்க. அடுத்த வெள்ளிக்கிழமை என்னோட வேலூருக்கு வர்றவங்க வாங்க."

பச்சையப்பன்தான் முதலில் வருகிறேன் என்றான். அன்று கொட்டகையில் நகர்ந்து உட்கார்ந்தவளும் தலையைக் குனிந்துகொண்டே, தானும் வருவதாகச் சொன்னாள். வெள்ளிக்கிழமை ஆம்பூர் ஸ்டேஷன் திருவிழா போல இருந்தது. நான்கு ஷாப்பு ஆட்கள், பெண்டு பிள்ளைகளோடு ரயிலேறினார்கள். வேலூரில் அந்தப் பெரிய கொட்டகையின் தரை முழுக்கத் தோல்ஷாப்பு ஜனம். அங்கே யாரும் மூக்கைப் பொத்தவில்லை, பொத்தியிருந்தாலும் எழுப்பி விடுவதற்கு ஆள் போதாது.

ஆம்பூரில் அந்தப் படம் வந்தபோது பார்க்க ஆளில்லை. சுந்தரமூர்த்தி தப்பட்டைக்காரனை இரண்டு வேளையும் தெருவில் விட்டுப் பார்த்தார். பிறகு ஒருநாள் மத்தியானம் அவரே ஷாப்பு வாசலுக்கு வந்தார். சௌந்தரம் கையலம்பிக்கொண்டிருந்தாள். அவர் கை தானாக மூக்குக்குப் போனதையும், பாதி வழியில் கீழே இறங்கியதையும் அவள் பார்த்தாள்.

"அன்னிக்கு நடந்தத மனசுல வெச்சுக்காதம்மா," என்றார். "இனிமே நீ நாற்காலியிலயே குந்திப் பாரு. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"அந்த ராணி புள்ளயக் கண்டுபுடிச்சாளா?" என்று கேட்டாள் சௌந்தரம்.

அவருக்குப் புரியவில்லை. நினைவுபடுத்தினாள். தாயத்து, படைவீரன், டார்ச்சு வெளிச்சம். அவர் எந்தப் படத்தையும் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தவர் இல்லை. கண்டுபிடித்திருப்பாள் என்றார். வேண்டுமானால் அந்தப் படப்பெட்டியை மறுபடியும் வரவழைத்து, அவளுக்காகவே ஒரு ஆட்டம் போடுவதாகச் சொன்னார்.

"வரவழையுங்க," என்றாள். "வந்து பாக்கறதுக்குத்தான் ஆளு இருக்காது."

அவர் போனபிறகு வாஹித் பாஷா அவளைக் கூப்பிட்டு, இத்தனை பிடிவாதம் எதற்கு, மன்னிப்புக் கேட்டு வந்த மனுஷன்தானே என்றார். அவர் வந்தது மன்னிப்புக் கேட்க அல்ல, கூட்டத்தைக் கேட்கத்தான் என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குத் திரும்பினாள். தை பிறக்குமுன் கொட்டகையைப் பிரித்து வண்டிகளில் ஏற்றினார்கள். சௌந்தரம் அரைநாள் கூலியை விட்டுவிட்டு மைதானத்தில் நின்று, கடைசிக் கம்பத்தைப் பிடுங்கும்வரை பார்த்தாள். வயிறு நிறையச் சாப்பிட்டது போல இருந்தது அவளுக்கு.

அந்த நிறைவு ரொம்ப நாள் அப்படியே நிற்கவில்லை. ஒருநாள் மேஸ்திரி வீட்டுக்கு ஏதோ சாமான் கொடுக்கப் போனபோது அஃப்ஸர் ஜஹான் கதவுக்குப் பின்னாலிருந்தே பேசினாள். சௌந்தரத்துக்கு ரயில் இருக்கிறது, வேலூர் இருக்கிறது, தங்கச்சி இருக்கிறாள். தனக்கு இருந்தது அந்தத் திரை மறைப்பு ஒன்றுதான், அதையும் பிரித்து அனுப்பிவிட்டாய் என்றாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் சௌந்தரத்தைக் குத்தியது. சுந்தரமூர்த்தியை மட்டும்தான் அடித்ததாக அதுவரை நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த அடி இந்த அம்மாள் மேலும் விழுந்திருப்பது அவள் கண்ணில் படவேயில்லை.

அடுத்த சனிக்கிழமை வேலை விட்டதும் குளித்து, சேலை மாற்றிக்கொண்டு மேஸ்திரி வீட்டுப் பின்வாசலில் போய் நின்றாள். முதல் தடவை கதவு திறக்கவில்லை. இரண்டாவது தடவை திறந்தது. "சொல்லு, பாக்கலாம்," என்றாள் அஃப்ஸர் ஜஹான். அன்றிலிருந்து ஒவ்வொரு படத்தையும் அவளுக்கு ஒரு பாட்டு விடாமல், ஒரு சண்டை விடாமல் சொன்னாள். அஃப்ஸர் ஜஹான் லேசில் ஒத்துப்போகிறவள் இல்லை. சௌந்தரம் எட்டணா என்றால் அவள் காதால் கேட்டே பன்னிரண்டு கொடுப்பாள். கோபம் தீர்ந்ததாக அவள் ஒருநாளும் சொல்லவில்லை, சௌந்தரமும் கேட்கவில்லை.

ஒரே ஒரு தடவைதான் சௌந்தரம் கதையை மாற்றினாள். ஒரு படத்தில் துரோகி மந்திரி காலில் விழுந்ததும் இளவரசி அவனை மன்னித்து அனுப்பிவிடுகிறாள். அந்த இடம் வந்தபோது சௌந்தரத்துக்கு நாக்கு எழவில்லை. மந்திரியை யானை மிதித்துக் கொன்றதாகச் சொல்லி முடித்தாள். சில மாதம் கழித்து உறவுக்காரப் பெண் ஒருத்தி மூலம் உண்மை தெரிந்தபோது அஃப்ஸர் ஜஹான் அவளைக் கூப்பிட்டனுப்பினாள். ஏன் அப்படிச் சொன்னாய் என்று விசாரித்தாள்.

"அவன உட்டது எனக்குப் புடிக்கல, பீபிம்மா," என்றாள் சௌந்தரம்.

அஃப்ஸர் ஜஹான், யானை எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று கேட்டு, அந்த இடத்தை மறுபடியும் சொல்லச் சொன்னாள்.