கத்தரிப்பூ நிறம்

போர்ட் லூயிஸ் அருங்காட்சியகத்தில் எனக்குப் படம் வரையும் வேலை. இறந்த மீன், சிப்பி, நண்டு எல்லாவற்றையும் உருப்பெருக்கியில் பார்த்து மையில் வரைவேன். தீவின் தெற்கே ரிவியேர் தே ஸாங்கீய் ஊர்ப் பக்கத்தில் அப்பாவுக்கு இருந்த கொஞ்சம் கரும்பு நிலத்தை அண்ணன் பார்த்துக்கொண்டார். மனைவிக்கு ஊர் மாயெபூர். அவளுடைய அப்பா அங்கே சுண்ணாம்புக் காளவாய் வைத்திருந்தார். கடலிலிருந்து ஓடத்தில் வரும் பவளக் கட்டிகளைச் சுட்டுச் சுண்ணாம்பாக்குவார்.

முதல் பிரசவத்துக்கு அவள் தாய்வீடு போயிருந்தாள். குழந்தை இறந்தே பிறந்தது. அதற்கப்புறம் பகலெல்லாம் பவளக் குவியலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறாள் என்று மாமா சொல்லியனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் போனேன். எனாமல் கிண்ணத்தில் கடல்நீர் ஊற்றி, அதில் ஒரு பவளத் துண்டை வைத்திருந்தாள். துண்டில் ஒரு குழி. குழிக்குள் உளுந்தளவில் ஒரு நண்டு, வயிற்றில் முட்டைகளோடு. செத்து வெளுத்திருந்தது.

"தண்ணி மாத்திக்கிட்டேதான் இருந்தேன். காலைல பாத்தா அசையலை," என்றாள்.

"உயிரோட இருந்தப்ப என்ன நிறம்?"

"முதுகு கத்தரிப்பூ நிறம். கால் கணுவுல மட்டும் மஞ்சள்." கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள். "எடுத்துட்டுப் போயிடுங்க."

ஸ்பிரிட்டில் போட்டு எடுத்துப் போனேன். எங்கள் அருங்காட்சியகத்தில் நண்டுகளை ஆராய்ந்துவந்த டாக்டர் பிரெஞ்சுக்காரர். தம்மிடமிருந்த புத்தகங்களையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, இதுவரை யாரும் எழுதாத இனம் என்றார். அதன் ஓட்டையும் கால்களையும் வாயுறுப்புகளையும் மயிர் மயிராக வரைந்தேன். அடுத்த முறை மாயெபூர் போனபோது அவளிடம் சொன்னேன்.

"பேரு வச்சாச்சா?"

"டாக்டர் லத்தீன்ல வைப்பாரு."

"அதுக்காவது வைக்கிறாங்களே," என்றாள். எங்கள் குழந்தைக்குப் பெயர் வைக்காமலேயே புதைத்திருந்தோம்.

மழைக்காலத்தில் அவளுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. கொயினா மருந்து கொடுத்தும் நிற்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது ஆள் அடையாளம் தெரியாத நிலையில் கிடந்தாள். மறுநாள் போய்விட்டாள்.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பினேன். டாக்டர் நண்டைப் பற்றிய கட்டுரையை முடிக்கும் தறுவாயில் இருந்தார். நிறத்தைச் சொன்னேன். எழுதிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

"நீங்கள் பார்த்தீர்களா?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"இல்லை. என் மனைவி பார்த்தாள்."

பேனாவைக் கீழே வைத்தார். "அவர் இருந்திருந்தால் நானே போய்க் கேட்டிருப்பேன். கேட்காததை எழுத முடியாது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்." எழுதிய வரியை அடித்தார். நல்ல மனிதர்தான்; அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உயிருள்ளபோது நிறம் தெரியவில்லை என்றே அச்சில் வந்தது.

அந்தப் பக்கத்தைப் பார்த்த வாரமே மாயெபூர் போனேன்.

"வாங்க மாப்பிள்ளை," என்று மாமா எழுந்தார். மகள் போனபின் வெகுவாக மெலிந்திருந்தார். அதே மாதிரி நண்டு ஒன்று உயிரோடு வேண்டும் என்று வந்த காரியத்தைச் சொன்னேன். இரண்டு சுத்தியல்களை எடுத்து வந்தார். ஈரப் பவளத்தை இருவருமாகப் பொழுது சாயும்வரை உடைத்தோம். புழுக்கள் வந்தன, சின்ன இறால்கள் வந்தன. அந்த நண்டு வரவில்லை.

"அடுத்த ஓடம் வரட்டும், பாப்போம்," என்றார்.

அப்படிப் பல ஞாயிற்றுக்கிழமைகள் போனேன். பிறகு அவரால் நெருப்புப் பக்கம் நிற்க முடியாமல் போய், காளவாயை விற்றார். நானும் போவதை விட்டேன்.