முருகன் என் அப்பாவுக்குப் பார்த்துக் கொடுத்த வீடு

பினாங்குப் பாலம் திறந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். அப்போதுதான் என் அப்பா என்னை "மிஸ்" என்று கூப்பிட ஆரம்பித்தார். முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். மூன்றாம் நாள் காலையில் தேத்தண்ணீர் கொடுத்தபோது, "தேங்க்யூ மிஸ். உங்கட வீடு எங்க?" என்று கேட்டார். இது விளையாட்டு இல்லை என்று அப்போது புரிந்தது.

அப்பா பெயர் சபாரத்தினம், யாழ்ப்பாணத்துக்காரர். பட்டர்வொர்த் ரயில் நிலையத்தில் முப்பது வருஷம் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள்கூட லேட்டாகப் போனதில்லை. அம்மா தவறிய பிறகு, கடலுக்கு இந்தப் பக்கம் பினாங்குத் தீவில், ஜெலுத்தோங்கில் எங்கள் பிளாட்டுக்கு வந்துவிட்டார். நானும் என் கணவர் மோகனும் மட்டும்தான். நான் பாயான் லெப்பாஸில் ஃபேக்டரி வேலை. அவர் பள்ளி ஆசிரியர். பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மாக்சிக் சோம், உதவி செய்தார்.

டாக்டர் பார்த்துவிட்டு, இது ஞாபகம் போகிற நோய், மருந்து இல்லை என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு புதுக் கூத்து. மூன்று சட்டையை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்வார். சோற்றுப் பானையைத் துணி வாளியில் ஊறப்போடுவார். ஒரு தடவை அடுப்பை மூட்டிவிட்டு மறந்துபோனார். சுவர் கறுத்துப்போனது. காலை ஆறு மணி ஆனால் வேலைக்குக் கிளம்பிவிடுவார். வாசலில் மறித்தால் கோபம் வரும்.

"ஆறரை ட்ரெயினுக்கு ஆக்கள் வரிசையில நிக்குதுகள். விடுங்க மிஸ், நான் போகவேணும்."

பூட்டி வைத்தால் கதவைத் தட்டித் தட்டி அழுவார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் ஃபேக்டரி பஸ் ஏறியிருக்கிறேன். பஸ்ஸில் என் முகத்தை யாரும் பார்க்காதபடி ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வேன்.

முதியோர் இல்லம் தேடினோம். இரண்டு இடத்தில், வெளியே ஓடிப்போகிற ஆளை எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவது இடத்தில் எடுக்கத் தயார். ஆனால் அங்கே ஒரு பெரியவரைத் துணியால் நாற்காலியோடு கட்டி வைத்திருந்தார்கள். அப்படியே திரும்பி வந்துவிட்டோம். ஈப்போவில் இருக்கும் என் அண்ணனுக்குப் போன் பண்ணினேன். அவர் கொதித்துப்போனார்.

"அப்பாவ கொண்டுபோய் ஹோம்ல போடுறதா? கோயில்ல நாலு பேரு கேட்டா நான் என்னா சொல்றது?"

"அப்ப நீங்க கூட்டிட்டுப் போங்க அண்ணே."

அவர் போனை வைத்துவிட்டார். அவர் வீட்டிலும் பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டேன்.

இரண்டு வருஷமாக நான் முருகனிடம் ஒரே ஒரு பிரார்த்தனைதான் வைத்தேன். அப்பாவுக்கு ஞாபகம் திரும்ப வேண்டும். விரதம் இருந்தேன். பால்குடம் எடுத்தேன். ஒன்றும் மாறவில்லை. தைப்பூசம் முடிந்த அடுத்த வாரம், ஒரு திங்கட்கிழமை வேலை விட்டு நேராகத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்ப் படி ஏறினேன். கால் வலித்தது. சந்நிதியில் நிற்கும்போது, வழக்கமான வார்த்தை வரவில்லை. மனசில் இருந்தது வந்துவிட்டது.

"முருகா, ஞாபகம் வரவேண்டும் என்று இனிமேல் கேட்கமாட்டேன். அப்பாவைத் திட்டாமல், கட்டிப்போடாமல் பார்த்துக்கொள்ள ஓர் இடம் காட்டு. என்னால் தனியாக முடியவில்லை."

கேட்டு முடித்ததும் கூசிப்போனேன். பெற்ற அப்பாவை வேறு இடத்துக்கு அனுப்ப சாமியிடமே உதவி கேட்கிறாளே என்று என்னை நானே ஏசிக்கொண்டு இறங்கினேன். மோகனிடம்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் செவ்வாய். பகல் பதினொரு மணிக்கு ஃபேக்டரிக்குப் போன் வந்தது. மாக்சிக் சோம் அழுதுகொண்டே பேசினார். துணி காயப்போடப் போன ஐந்து நிமிஷத்தில் அப்பா கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு ஓடி வந்தேன். மோகனும் வந்தார். அவர் மோட்டார் சைக்கிளில் சந்தை, கோயில், போலீஸ் நிலையம் எல்லாம் சுற்றினார். நான் போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "கேட்டது தப்பு முருகா, அப்பாவை மட்டும் திருப்பிக் கொடுத்துடு" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். மூன்று மணி ஆனது. போன் அடித்தது.

"ஹலோ, இது சபாரத்தினம் சார் வீடா? நீங்க மகளா?" ஒரு பெண் குரல். தமிழ்தான், ஆனால் ராகம் வேறு மாதிரி இருந்தது. "பயப்படாதீங்க லா. அப்பா இங்க ஃபெரி ஏறுற ஜெட்டியில என் பக்கத்துல உட்காந்து கோப்பி குடிக்கிறாரு. காலருல நீங்க தைச்சு வச்சிருக்கிற நம்பர் இப்பதான் கண்ணுல பட்டுச்சு. நல்ல வேலை செஞ்சீங்க."

மோகன் வந்ததும் அவர் பின்னால் ஏறி ஜெட்டிக்குப் போனேன். அப்பா பெஞ்சில் சந்தோஷமாக உட்கார்ந்து பிஸ்கட்டைக் கோப்பியில் முக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் பூப்போட்ட சட்டை போட்ட ஒரு சீன அம்மா. ஐம்பத்தைந்து வயது இருக்கும். பெயர் லான். ரப்பர் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகள். தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர். அதனால்தான் அந்தத் தமிழ்.

தங்கையைப் பார்க்க ஃபெரியில் கடல் தாண்டிப் பட்டர்வொர்த் போகும்போது அப்பாவைப் பார்த்தாராம். அப்பா ஃபெரியில் ஒவ்வொருவராகப் போய் டிக்கெட் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். சிலர் சிரித்தார்கள், சிலர் திட்டினார்கள். லான் அக்கா மட்டும் பையிலிருந்து பழைய பஸ் டிக்கெட்டை எடுத்து நீட்டினாராம். அப்பா அதைத் திருப்பிப் பார்த்து, ஓரத்தைக் கிழித்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

"அப்பவே எனக்குப் புரிஞ்சிருச்சு" என்றார் லான் அக்கா. "அந்தப் பக்கம் எறங்குனதும் வேலைக்குப் போவணும்னு நின்னாரு. சார், இன்னிக்கி ஒங்களுக்கு லீவுன்னு சொன்னேன். லீவு யார் போட்டதுன்னு கேட்டாரு. பெரிய ஆபீஸ்ல போட்டாங்கன்னேன். சந்தேகமாத்தான் பாத்தாரு. அப்புறம் ரெண்டு தடவ அங்கிட்டும் இங்கிட்டும் ஃபெரியிலயே போய் வந்தோம். காத்து நல்லா இருந்துச்சு."

நான் அழுதுகொண்டே சிரித்தேன். அதற்கடுத்து அவர் சொன்னதைத்தான் நான் எல்லாரிடமும் சொல்லி வருகிறேன்.

"நான் நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ. புலாவ் தீக்குஸ்ல ஒரு பழைய பங்களாவ எடுத்து வயசானவங்க ஏழு பேர பாத்துக்கிறேன். நாலு பேரு ஒங்க அப்பா மாதிரி. ஒரு பாட்டியை மக சிங்கப்பூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. ஒரு கட்டில் காலியா இருக்கு. நீங்க விரும்புனா வந்து பாருங்க."

நான் அவரிடம் ஒன்றுமே கேட்கவில்லை. முந்தின நாள் படியேறிக் கேட்டது ஒருவருக்குத்தான் தெரியும்.

அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தோம். சுற்றிலும் வேலி. உள்ளே பெரிய முற்றம், அதில் எவ்வளவு வேண்டுமானாலும் நடக்கலாம். யாரையும் கட்டி வைக்கவில்லை. அப்பாவை அங்கே சேர்த்த முதல் வாரமே லான் அக்கா அவருக்கு ஒரு மேசையும், அட்டையில் வெட்டிய டிக்கெட்டுகளும் கொடுத்துவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் அப்பா கையால் டிக்கெட் வாங்காமல் ஒருவரும் சாப்பாட்டு மேசைக்குப் போக முடியாது. காது கேட்காத மிஸ்டர் ஓங் தினமும் இரண்டு டிக்கெட் கேட்டுச் சண்டை போடுவார். அப்பா கொடுக்கவே மாட்டார்.

அண்ணன் ஈப்போவிலிருந்து கோபத்தோடு வந்தார். அப்பாவைக் கையோடு கூட்டிப்போகிறேன் என்றார். பங்களா வாசலில் என்னைத் தாண்டி நடந்தார். உள்ளே போய் அப்பா மேசைக்கு முன்னால் நின்றார்.

"அப்பா, நான் வந்திருக்கேன்."

அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "எந்த ஊருக்கு?"

அண்ணன் திகைத்துப்போய், "ஈப்போ" என்றார்.

"ஈப்போவா? வண்டி நிக்குது. ஓடும் தம்பி, ஓடும். பிள்ளைகள் காத்திருக்குதுகள்."

டிக்கெட்டைக் கையில் வாங்கிக்கொண்டு அண்ணன் முற்றத்துக்கு வந்தார். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது. "அப்பா இவ்வளவு சந்தோஷமா இருந்து பாத்து எத்தன வருஷம் ஆச்சு இந்திராணி" என்றார். அதற்குப் பிறகு மாதம் ஒரு தடவை தவறாமல் வந்தார்.

அப்பா அங்கே நான்கு வருஷம் இருந்தார். என் பெயர் அவருக்குக் கடைசிவரை திரும்பவில்லை. நானும் அதைக் கேட்டு அவரைத் தொந்தரவு செய்வதை விட்டுவிட்டேன். சனிக்கிழமைகளில் அவர் தலைக்கு எண்ணெய் வைப்பேன். ஒருநாள் எண்ணெய்க் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஆரெண்டு தெரியேல்ல பிள்ளை. ஆனா நீ வந்தா எனக்கு நல்லாயிருக்கு" என்றார். எனக்கு அது போதும்.

அப்பா தூக்கத்திலேயே அமைதியாகப் போய்ச் சேர்ந்தார். நான் இன்றும் சனிக்கிழமை அந்த வீட்டுக்குப் போகிறேன். மற்றவர்களுக்கு நகம் வெட்டிவிடுகிறேன், பாட்டுப் பாடுகிறேன். மிஸ்டர் ஓங் தாளம் போடுவார், எப்போதும் தப்பாகத்தான்.

அன்பர்களே, உங்களில் சிலர் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். வெளியில் சொல்ல வெட்கப்பட்டுக் கதவைச் சாத்தி வைத்திருப்பீர்கள். முருகனிடம்கூட அழகான வார்த்தையில்தான் கேட்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். முடியவில்லை என்றால் முடியவில்லை என்றே சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். யாரை அனுப்புவார், எந்த மொழி பேசுகிறவரை அனுப்புவார் என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள். வெள்ளிக்கிழமை நம் கோயிலில் பூசை முடிந்ததும் நான் பிரசாதம் கொடுக்கும் இடத்தில்தான் நிற்பேன். வந்து பேசுங்கள். சேர்ந்து கேட்போம்.