சித்தப்பாவை ஜெயித்த ஓட்டம்

திண்டிவனத்தில் இன்று எனக்கு மாடி வீடு, மூன்று லாரி. எல்லாம் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் சம்பாதித்தது. போன வருஷம் விஷக்காய்ச்சல் வந்து போன ஐந்தாம் நாள், அந்த மாடிப்படியில் பாதியிலேயே எனக்கு மூச்சு முட்டியது. வெறும் களைப்பு என்றார்கள் படித்த பிள்ளைகள். நான் கேட்கவில்லை. லாரியிலேயே ஏறி விழுப்புரத்துக்குப் போய்விட்டேன்.

"காய்ச்சல் நெஞ்சுல எறங்கியிருக்குங்க. இவ்ளோ ஜல்தியா யாரும் வர மாட்டாங்க. உங்களுக்கு எப்படித் தோணுச்சு?" என்றார் டாக்டர்.

இந்தப் பாடத்தை எட்டு வயதிலேயே படித்தவன் நான் என்றேன்.

ஓமந்தூர் பக்கத்தில் எங்கள் ஊர். என் சித்தப்பா மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டே என்னை ஓட்டத்தில் ஜெயிப்பார். வீட்டு வாசலிலிருந்து ஏரிக்கரைப் புளியமரம் வரை ஓட்டம். அந்த வருஷம் அவருக்கு அம்மை போட்டது. வேப்பிலையில் படுத்துக் கிடந்து, தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றியதும் எழுந்தார். ஆத்தா இறங்கிவிட்டாள் என்று கூழ் ஊற்றினார்கள்.

மறுநாளே அவரைப் பந்தயத்துக்கு இழுத்தேன். மரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால், சித்தப்பா பாதி வழியில் வரப்பில் உட்கார்ந்திருக்கிறார். உதடு நாவல்பழம் தின்றவர் உதடு மாதிரி இருந்தது. "ஜெயிச்சிட்டடா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு மூன்று மூச்சு பிடித்தது.

அதற்கப்புறம் அவர் படுக்கவே இல்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். கால் வீங்கிச் செருப்பு வார் பதிந்து கிடந்தது. வீட்டில் எல்லோரும் பார்த்தார்கள், யாரும் சொல்லவில்லை. நான் கேட்டதற்கு அம்மா என் வாயைப் பொத்தினாள்.

"கம்முனு இருடா. மூணாந்தண்ணி ஊத்தியாச்சு. இன்னும் நோவுன்னு வாயால சொன்னா, போன ஆத்தா திரும்பி வந்து குந்திக்குவா."

நாலாம் நாள் கஞ்சியைக்கூடப் பாதியில் வைத்துவிட்டு மூச்சுக்கு ஏங்கினார் சித்தப்பா. அப்பா அதைப் பார்த்துவிட்டு மாட்டுக்கு வைக்கோல் போடப் போனார்.

நோவைப் பற்றித்தானே பேசக் கூடாது? என் வெற்றியைப் பற்றிப் பேசலாமே. அன்று அம்மை குத்துகிறவர் சைக்கிளில் ஊருக்குள் வந்தார். பிள்ளைகள் எல்லாம் ஓடி ஒளிய, நான் மட்டும் கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

"சார், எங்க சித்தப்பாவையே ஓட்டத்துல ஜெயிச்சிட்டேன். பாதியிலயே குந்திக்கினாரு. இப்ப பத்தடி நடந்தாலே புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு வாங்குறாரு."

அவர் ஊசியைப் பெட்டிக்குள் போட்டார். "ஊடு எதுடா?"

அம்மா வாசலை மறித்தாள். "எங்க ஊட்ல யாருக்கும் நோவு இல்லீங்க."

அவர் அம்மாவைத் தாண்டி உள்ளே போய், சித்தப்பாவின் காலை விரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

"அம்மை போயிடுச்சும்மா. போறப்ப நெஞ்சத் தொட்டுட்டுப் போயிருக்கு. வண்டியக் கட்டுங்க."

அப்பா மாட்டை அவிழ்த்து வண்டியில் பூட்டினார்.

திண்டிவனம் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்து பிழைத்து வந்தார் சித்தப்பா. என் வாய்தான் அவரைக் காப்பாற்றியது, இதை எந்தச் சபையிலும் சொல்வேன். ஆனால் மூட்டை தூக்குவதை அவர் அதோடு விட்டுவிட்டார். அறுவடை முடிந்ததும் மறுபடி பந்தயத்துக்குக் கூப்பிட்டேன்.

"வேணான்டா. உங்கிட்ட ஒருவாட்டி தோத்தது போதும்" என்று சிரித்தார்.

சித்தப்பா என்னைக் கண்டு பயந்துவிட்டார் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.