ஆள் இவர்தான் என்று ஆர் சொல்வது?

விபத்தில் இறந்தவரின் முகத்துணியை விலக்கியதும் மனைவி "ஓம், இவர்தான்" என்று அலறினால் ஆள் உறுதியாகிவிடும் என்ற பரவலான நம்பிக்கையை, மனிதகுலத்தின் நலன் கருதித் திருத்தவேண்டியிருக்கிறது. சுவிஸ் அரச வழக்கறிஞருக்குக் கண்ணீர் போதாது. பல், கைரேகை, மரபணு, இவற்றில் ஒன்று வேண்டும். அதுவரை உடல் கிடையாது. பொலிசுக்கும் சனத்துக்கும் நடுவில் நின்று மொழிபெயர்க்கும் சக பாவிகளுக்கு இது தெரியும்.

பல்

பீல் நகரில் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலைசெய்த சிவநேசன் அண்ணையின் கார் மோதி எரிந்தது. உள்ளே இருந்தவர் அவர்தான் என்பதில் ஊருக்கே சந்தேகமில்லை. அவருடைய பல்வைத்தியர் யார் என்று பெண் பொலிஸ் கேட்டார். எங்கள் ஆட்கள் பல்லை இங்கே கட்டுவதில்லை, விடுமுறையில் போய் யாழ்ப்பாணத்தில்தான் கட்டுவார்கள் என்ற ஆழ்ந்த பண்பாட்டு உண்மையை ஜெர்மனில் விளக்கினேன். யாழ்ப்பாணத்து வைத்தியரிடம் எக்ஸ்ரே இல்லை. தொலைபேசியில் சத்தியம் மட்டும் இருந்தது: "தம்பி, அவரின்ர வாயை நான் மறக்கேலுமே? அவர்தான் எண்டு எழுதச் சொல்லுங்கோ."

குளியலறை

மனைவி தவமலர் அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. ஐயர் வந்துவிட்டார், சனம் வந்துவிட்டது, உடல்தான் வரவில்லை. மரபணு எடுக்க அவர் பாவித்த சீப்பு, பல்தூரிகை ஏதும் உண்டா என்று பொலிஸ் கேட்டது. செத்தவீட்டுக்கு ஆட்கள் வருவார்கள் என்று அயலட்டைப் பெண்கள் குளியலறையைத் தேய்த்துக் கழுவி, அவர் தொட்டதையெல்லாம் குப்பையில் அனுப்பியிருந்தார்கள். அக்கா என்னிடம் சொன்னார்: "எரிஞ்ச மனுசனை முறையாய் எரிக்க விடச் சொல்லுங்கோவன்."

எச்சில்

மிஞ்சியது ரெனான் கிராமத்தில் இருக்கும் தம்பி குகன். பஞ்சுக் குச்சியில் கொஞ்சம் எச்சில் போதும். வந்தார், வாயைத் திறக்கவில்லை. அகதியாக வந்த நாளில் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கட்டும் என்று சகோதரர்களாகப் பதிந்துகொண்ட இருவரில் ஒருவர் அவர். எச்சில் கொடுத்தால், இறந்தவர் சிவநேசனே இல்லை என்று முடிவு வரும். உண்மையைச் சொன்னால் தன் சிவப்புச் சுவிஸ் கடவுச்சீட்டு போய்விடுமோ என்று பயம். மொழிபெயர்ப்பாளர் ஆலோசனை சொல்லக்கூடாது என்பது விதி. மிக ஒழுங்காகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் கூடப்பிறக்கேல்லை. சொல்லுங்கோ அவவுக்கு" என்றார் குகன்.

சொன்னேன். அப்படியானால் இவர் யார் என்று பெண் பொலிஸ் பக்கத்தில் இருந்த அக்காவைக் கேட்டார். அக்கா யோசிக்கவேயில்லை: "அவரின்ர தம்பி. அப்பிடியே எழுதட்டும்."

கடைசியில், மனைவியும் வைத்தியரும் ஊரும் சொல்லி நம்பாததை, தொழிற்சாலை அலுமாரியில் கிடந்த அண்ணையின் வேலைத்தொப்பியில் ஒட்டியிருந்த சில முடிகள் சொன்னதும் சட்டம் மரியாதையுடன் நம்பியது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை குகன் மீனும் இறைச்சியும் தொடவில்லை.