மாப்பிள்ளைக்கு ஒரு நாலு விரல் கத்தி

கத்தி வாங்க வருகிறவன் தன் கைக்கு ஏற்ற கத்தியைக் கேட்பதில்லை. தன் மீசைக்கு ஏற்றதைத்தான் கேட்பான். கடை வைத்துப் பிழைத்த உங்களுக்கு இது புதினமில்லை. செருப்பு விற்றவர்களும் தொப்பி விற்றவர்களும் இந்த இடத்தில் என்னோடு சேர்ந்து ஒரு பெருமூச்சு விடலாம்.

கல்முனையில் பஸ் நிலையத்துக்குப் போகும் ஒழுங்கையில் எனக்கு ஒரு பெட்டிக்கடை இருந்தது. இடுப்பில் செருகும் சின்னக் கத்திகள் விற்றேன். மடக்குக் கத்தி இல்லை, உறையிலிருந்து உருவும் மடங்காத கத்தி. மடக்குக் கத்தியின் ஆணி கடற்காற்றுக்குத் துருப்பிடித்துவிடும். சேற்றுக் கையோடு அதைத் திறக்கப் போகிறவன் முதலில் தன் நகத்தைத்தான் திறப்பான். காரைதீவுக் கந்தையா அலகை அடித்துத் தருவார். எருமைக்கொம்புப் பிடியும் தோல் உறையும் என் வேலை. புயலடித்ததற்கு அடுத்த வருசம் நடந்த கதை இது. அந்தப் புயலில் என் கடைக்கூரை பறந்து போய்ச் சொறிக்கல்முனையில் இறங்கியதும், நான் தேடிப் போனபோது அதன் கீழே ஒரு குடும்பம் சோறு சமைத்துக்கொண்டிருந்ததும் வேறு கதை.

ஒரு சாண் வேண்டுமாம்

றசாக் புடவைக்கடையில் துணி அளந்து கொடுப்பவன். வெள்ளைச் சேட்டு, மடிப்புக் குலையாத சாரன். வந்ததும் வராததுமாக ஒரு சாண் நீளத்தில் கத்தி கேட்டான். கத்தியைக் காட்ட முதல் நான் எல்லாரிடமும் ஒரு கேள்வி கேட்பேன்: "என்னத்த வெட்டப் போறீங்க?" றசாக் நன்றாக யோசித்துவிட்டு, "ஒண்டுமில்ல" என்றான்.

பிறகு விசயம் மெதுவாக வெளியே வந்தது. சம்மாந்துறையில் ஒரு போடியாரின் இளைய மகளை அவனுக்குப் பேசியிருந்தார்கள். நிறைய வயல், நிறைய எருமை உள்ள போடியார். அந்தப் பிள்ளை உம்மாவோடு துணி எடுக்க வந்த நாளில் இரண்டு கெசம் கேட்டதற்கு மூன்று கெசம் வெட்டிக் கொடுத்தவன் றசாக், அவ்வளவு விருப்பம். போடியார் சீதனக் கதையை விட்டுவிட்டு ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். இடுப்பில் கத்தியில்லாத ஆளுக்கு மகள் இல்லை. காரணமும் இருந்தது. மூத்த மருமகன் வயலில் நின்ற நேரம் ஒரு காளை வாய்க்காலில் விழுந்து கழுத்து முறிந்தது. உயிர் போக முதல் பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்திருந்தால் ஊருக்கே இறைச்சி. மருமகனிடம் கத்தி இல்லை. வயல் குடிசையான வாடியிலிருந்து கத்தி வந்து சேர்வதற்குள் காளை போய்விட்டது. தானாகச் செத்ததைத் தின்னக்கூடாது என்பதால் முழு மாட்டையும் புதைத்தார்கள். மாமாவும் மருமகனும் கதைப்பதையும் அந்தக் குழியிலேயே போட்டு மூடினார்கள்.

றசாக்கின் சங்கடம் என்னவென்றால் அவனுக்கு இரத்தம் ஆகாது. பக்கத்து வளவில் கோழி அறுத்தாலே காது அடைத்துக் கண் இருண்டு குந்திவிடுவான். நான் இருந்த கத்திகளையெல்லாம் மேசையில் பரப்பினேன். அவன் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, காக்கா என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டான்:

"காக்கா, வெட்டாத கத்தி ஒண்டு கிடக்கா?"

குந்திப் பார்க்கிற பரீட்சை

சாண் கத்தியை அவன் இடுப்பில் செருகிக் குந்தச் சொன்னேன். குந்தினவன் அதே வேகத்தில் எழும்பினான். பிடி விலாவில் இடித்துவிட்டது. ஆண்பிள்ளைகள் எல்லாரும் கத்தியை நின்றுகொண்டு தெரிவு செய்கிறார்கள், பிறகு காலமெல்லாம் குந்தியும் இருந்தும்தான் சீவிக்கிறார்கள். என் கணக்குச் சின்னது. அலகு அவரவர் கையில் நாலு விரல் அகலத்துக்கு மேல் நீளக்கூடாது. பிடி பொத்திய கையை நிரப்ப வேண்டும். உறையைத் தலைகீழாகப் பிடித்து உதறினாலும் கத்தி கீழே விழக்கூடாது. விழுந்தால் உங்கள் கால்விரல்தான் முதலாவது வாடிக்கையாளர்.

அன்று கந்தையாவும் அலகு கொண்டுவந்து கடையில் இருந்தார். லொறி வில்லுத் தகட்டில் அடித்த அலகுகள். அந்த லொறி மேற்கே மலைப்பக்கம் ஏறிப் பழகியது, கத்தியைச் சும்மா மேசையில் வைத்தால் தானாக மேற்கே திரும்பும் என்று நான் சொல்லி விற்பதுண்டு. பயணம் போகிற இடத்தில் தொழுகிற திசையான கிப்லா பார்க்க உதவும் என்று ஒரு ஹாஜியார் இரண்டு வாங்கிப் போனார். திருப்பிக் கொண்டுவரவும் இல்லை. கந்தையா றசாக்கின் பிரச்சினை முழுவதையும் கேட்டார், வெற்றிலையைத் துப்பினார், என் பக்கம் திரும்பினார்:

"மாப்பிளைக்குத்தானே காக்கா? பிடிய மட்டும் செஞ்சு உறைக்குள்ள வைங்க. அலகு என்னத்துக்கு?"

றசாக் அதையும் யோசித்துப் பார்த்தான்.

வீதியில் நடந்தது

கடைசியில் அலகோடுதான் எடுத்துப் போனான். நாலு விரல், கறுப்புக் கொம்புப் பிடி. அகலப் பெல்ட்டில் செருகினதும் ஆள் ஒரு சுற்றுப் பருத்த மாதிரித் தெரிந்தது. ஒன்றை மட்டும் அவனுக்குச் சொல்ல மறந்துவிட்டேன். எங்கள் ஊரில் இடுப்பில் கத்தியோடு நடக்கிறவன் ஊருக்குப் பொதுவான ஆள். ஆண்கள் வயலுக்கும் கடலுக்கும் போன நேரம் கோழியைப் பிடித்து வைத்துக்கொண்டு வேலியோரம் பார்த்து நிற்கிற பெண்கள், கத்தியைக் கண்டால் விடமாட்டார்கள்.

முதல் நாளே ஒரு தாத்தா, அக்காவை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், கூப்பிட்டுவிட்டா. கோழி அவவின் கக்கத்தில். றசாக் அவசரமாகப் போக வேண்டும் என்று சொல்லிப் பார்த்தான். தனக்கு வுளு இல்லை, தொழுகைக்குக் கழுவுகிற மாதிரிக் கைகால் கழுவவில்லை என்றும் சொன்னான். கோழி அறுக்க வுளு தேவையில்லை என்பது அவனுக்கும் தெரியும், அவவுக்கும் தெரியும். ஆனாலும் அவ மார்க்கத்தில் வாதாடவில்லை. கோழியை மற்றக் கக்கத்துக்கு மாற்றிக்கொண்டு கையை நீட்டினா:

"அதுக்கென்ன தம்பி, கெணறு அந்தா இரிக்கி."

போடியார் விசாரணை

கோழியைத் தொடாமல் தப்பிய றசாக் அதன் பிறகு கடற்கரையால் சுற்றிப் புடவைக்கடைக்குப் போனான். இதற்கிடையில் போடியார் பஸ்ஸில் வந்து இறங்கி, நேரே என் கடைக்கு வந்தார். தன் கத்தியை உறையோடு எடுத்து மேசையில் போட்டார். ஒன்றரைச் சாண். அதை இடுப்பில் கட்டினால் ஆள் கத்தியைக் கொண்டு போகிறாரா, கத்தி ஆளைக் கொண்டு போகிறதா என்று சொல்ல முடியாது.

"அந்தப் பொடியன் இஞ்சதானே கத்தி எடுத்த?"

"ஓம் போடியார்."

"அறுக்கிற கை எப்பிடி?"

"அவர்ர கையால ஒரு கோழியும் வேதனப்பட்டதில்ல" என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

போடியார் றசாக்குக்குக் கொடுத்த மாதிரியே ஒரு கத்தியை வாங்கி, முன்கை மயிரில் ஒரு இழுப்பு இழுத்தார். இழுத்த இடம் குழந்தையின் கன்னம் மாதிரி வந்தது. கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு, எருமை விட்டு நெற்சூடு மிதிக்கிற நாளைக்கு மாப்பிள்ளையை நெற்களத்துக்கு, களவெட்டிக்குக் கூட்டிவரும்படி என்னிடமே பொறுப்புத் தந்தார். தன் கத்தியை எடுத்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று சொன்னார்:

"கத்திய நான் நம்புறன். ஆள, ஒரு மாடு விழுந்தாத்தான் நம்புவன்."

மாடு விழுந்தது

டிரக்டர் வந்துவிட்ட காலம்தான். ஆனால் போடியாருக்கு நெல்லில் எண்ணெய் மணக்கக்கூடாது. எருமைகளைக் கழுத்தோடு கழுத்தாகக் கயிற்றால் பிணைத்து, குவித்த நெற்கதிர்ச் சூட்டின் மேல் சுற்றி நடத்துவார். அன்று நானும் றசாக்கும் போய்க் காலைச் சோற்றுக்குக் குந்தினபோது போடியார் தன் கத்தி வயிற்றில் குத்துகிறது என்று கழற்றி வாடியில் தொங்கவிட்டிருந்தார். அவர் எழும்பிக் களவெட்டிக்கு வரவும், கடைசியில் நின்ற எருமை கால் வழுக்கிச் சூட்டின் ஓரத்தால் கீழே சரியவும் சரியாக இருந்தது. கயிறு கழுத்தில் இறுகியது. கண் பிதுங்கியது, நாக்கு வெளியே வந்தது. மற்ற எருமைகள் மிரண்டு எதிர்ப்பக்கம் இழுத்ததில் முடிச்சைத் தொடவே முடியவில்லை. வெட்டு முடிந்துவிட்டதால் களத்தில் கதிர் அறுக்கும் தாக்கத்திகூட ஒன்று இல்லை. போடியாரின் கை இடுப்புக்குப் போய் வெறுமையாகத் திரும்பியது. அவர் கண்ணில் பழைய காளை நின்றிருக்க வேண்டும்.

"மகன், அறு" என்றார். வேலையாட்களும் சேர்ந்துகொண்டார்கள்: "அறுங்க மாப்பிள, கெதியா, கெதியா."

றசாக்கின் முகம் அவன் சேட்டின் நிறத்துக்கு வந்தது. ஓடிவிடுவான் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் உறையிலிருந்து கத்தி வந்தது. முழங்காலில் இருந்தான், "பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்" என்று களவெட்டி முழுக்கக் கேட்கச் சொன்னான், ஒரே இழுப்பு. டப் என்று சத்தம் கேட்டது. எருமை பொதுக்கென்று விழுந்து, மூச்சை இழுத்து, எழும்பி, அவன் சாரனை மிதித்துக்கொண்டு வைக்கோல் தின்னப் போனது. றசாக் ஒரு துளி இரத்தமும் இல்லாத இடத்தில் மயங்கிக் கிடந்தான்.

போடியார் அறுந்த கயிற்றை எடுத்து இரண்டு நுனியையும் பார்த்தார். பிறகு கத்தியைப் பார்த்தார். அவர் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, மருமகனின் முகத்தில் தானே தெளித்தார்.

"அறுத்தா ஊருக்கு ஒரு நேரக் கறி. உட்டா நாளைக்கும் சூடு மிதிக்கும். நாங்க இவ்வளவு பேர் நிண்டு கத்தின, யோசிச்ச இவன் ஒராள்தான். கலியாணத்துக்கு நாள் பாருங்க."

பஸ்ஸில்

திரும்பி வரும்போது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. என் கத்தி, நான் தெரிந்து கொடுத்த நீளம். அந்த அவசரத்தில் கயிற்றை வெட்டுகிற புத்தி எப்படி வந்தது என்று றசாக்கைக் கேட்டேன். அவன் சாரனில் இருந்த குளம்படிச் சேற்றை உரசிக்கொண்டிருந்தான். முன்னுக்கும் பின்னுக்கும் பார்த்தான். சம்மாந்துறை ஆட்கள் பஸ்ஸில் இல்லை என்று நிச்சயமானதும் சொன்னான்:

"கயிறெண்டு ஆருக்குத் தெரியும் காக்கா? நான் கண்ண இறுக்கி மூடிட்டுக் கழுத்துக்குத்தான் வெட்டின."

இத்தனை வருசம் கத்தி விற்று நான் கண்டது இவ்வளவுதான்: நாலு விரல் கத்தி எடுத்தவன் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினாலும் அவனால் நாலு விரலுக்கு மேல் பிழை விட முடியாது.